நாற்றம் போனால் நாமும் போகவேண்டுமா?

(பம்பாய் தாராவியில் நடைபெற்ற நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சுற்றுப்புறச் சூழலைப் பற்றி இன்று பேசவேண்டும் என்று செயலாளர் என்னிடம் சொன்னபோது, பக்கத்தில் இருந்த ஒரு தோழர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, பட்டியலில் பெயர் வருமா வராதா என்று ஊரே தவித்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் போய் மரம், காற்று, ஆறு என்று பேசப்போகிறீர்களா? அதெல்லாம் மலபார் ஹில்காரர்கள் சாயங்காலம் நடைபோகும்போது பேசுகிற பேச்சு அல்லவா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. நம்மில் பலருக்கும் அந்த எண்ணம்தான். வீட்டுப் பிரச்சினை வேறு, புகைப் பிரச்சினை வேறு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டுவதற்காகவே நான் இந்த மேடைக்கு வந்தேன்.

கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண் ஒரு காலத்தில் மண்ணே அல்ல, சேறு. மாகிம் கழிமுகத்தில் கடல் ஏறும்போது தண்ணீர், இறங்கும்போது சகதி. கரையில் கோலிகள் மீன் பிடித்து வாழ்ந்தார்கள். 1845ல் மாகிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே கடலை அடைத்துச் சாலை போட்ட பிறகு, கழிமுகத்தில் தண்ணீரின் போக்குவரத்து குறைந்தது, மீனும் குறைந்தது. பிறகு 1887 வாக்கில் முதல் தோல் பதனிடும் கூடம் இங்கே வந்தது.

ஏன் இங்கே வந்தது? இது நகரத்தின் ஓரம். பச்சைத் தோலின் நாற்றத்தையும், சுண்ணாம்புத் தொட்டியின் கழிவையும், ஊரறிந்த கனவான்கள் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. நாற்றத்தைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். அந்த நாற்றத்தில் இறங்கி வேலை செய்ய ஆள் வேண்டும். அப்படித்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் பாட்டன்மார் வந்தார்கள். ஊரில் கோவில் தெருவுக்குள் நடக்கவிடாதவர்கள் கொஞ்சப் பேர், நிலமில்லாதவர்கள் கொஞ்சப் பேர், தோல் வியாபாரத்தில் பழகிய இசுலாமியத் தோழர்கள் கொஞ்சப் பேர். எல்லாரும் வந்து சேர்ந்த இடம் இந்தச் சகதி.

இந்தச் சகதியை மேடாக்கியது யார்? சர்க்காரா? கூடை கூடையாகக் கட்டட இடிபாடும் சாம்பலும் குப்பையும் கொண்டுவந்து கொட்டி, மிதித்து, அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல் குடிசை போட்டு, மழைக்காலத்தில் குடிசை மூழ்கினால் மறுபடியும் மேடாக்கி, இப்படி மூன்று தலைமுறை செய்த வேலைதான் இந்தச் சுமார் 600 ஏக்கர். என் தகப்பனார் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்காரர். அவர் கைவிரல் நகங்களை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. அம்மா அவருக்குச் சோறு போடும்போது தட்டைச் சற்றுத் தள்ளி வைப்பாள். நாற்றம் தாங்காமல் அல்ல; அவருக்கே வெட்கமாக இருக்கும் என்பதற்காக.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அந்த நாற்றம் நமக்குக் கேடு செய்தது. அதே நாற்றம்தான் நம்மைக் காப்பாற்றியும் வைத்தது. நாறிய இடத்துக்கு வாடகை குறைவு. நாறிய இடத்தை எந்தச் சேட்டும் கேட்டு வரவில்லை. நெஞ்சிலே புகையையும் கையிலே புண்ணையும் ஏற்றுக்கொண்டு, அதற்குக் கூலியாகத் தலைக்குமேல் ஒரு கூரையைப் பெற்றோம். காகிதத்தில் எழுதாத ஒப்பந்தம் அது.

ஆனால் நகரம் நிற்கவில்லை. வடக்கே வளர்ந்துகொண்டே போயிற்று. நேற்று ஓரமாக இருந்தது இன்று நடுவயிறாகிவிட்டது. 1971ல் பாந்திராவிலிருந்த கசாப்புக் கூடத்தைத் தேவ்னாருக்கு மாற்றினார்கள். பின்னர் தோல் பதனிடும் கூடங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பதனிட்ட தோல் வெளியூரிலிருந்து வருகிறது. பையும் பெல்ட்டும் மட்டும் இங்கே தைக்கிறோம். நாற்றம் குறைந்தது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் நாற்றம் குறைந்த அன்றே நம்முடைய எழுதாத ஒப்பந்தமும் காலாவதியாகிவிட்டது என்பதை நாம் கவனிக்கவில்லை.

எதிர்ப்புறத்தைப் பாருங்கள். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பாந்திரா - குர்லா வளாகம். கண்ணாடிக் கட்டடங்கள், வைரச் சந்தை, வெளிநாட்டு வங்கிகள். நம் வீட்டுப் பெண்கள் அங்கே தரை துடைக்கிறார்கள். பிள்ளைகள் காவலுக்கு நிற்கிறார்கள். அந்த இடம் என்னவாக இருந்தது? நம் இடத்தைப் போலவே சதுப்பு நிலம். கண்டல் மரங்கள் நின்ற சேறு. மித்தி ஆறு பெருகும்போது விரிந்து படுத்துக்கொள்ள இயற்கை வைத்த பாய் அது. 1977ல் பம்பாய்ப் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம் அந்தப் பகுதி ஒப்படைக்கப்பட்டது. சுமார் 370 ஹெக்டேரில் வளாகத்துக்குத் திட்டம் போட்டு, சதுப்பை நிரப்பி மேடாக்கினார்கள்.

நாம் சதுப்பை நிரப்பினால் அது ஆக்கிரமிப்பு. அவர்கள் நிரப்பினால் அது வளர்ச்சி. இந்தச் சொல் வித்தியாசத்தின் விலையை 2005 ஜூலை 26ஆம் தேதி இந்த ஊர் கட்டியது.

அந்த நாளை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகியது. நம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வருடம் முழுதும் பெய்யும் மழைகூட அந்த அளவை எட்டுவது அபூர்வம். வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் தெற்கே கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். மந்திரிமார் இருக்கும் பக்கம் சாதாரண மழை. உழைப்பவர்கள் இருக்கும் வடக்கே பிரளயம்.

இந்த நகரத்தின் மழைநீர் வடிகால் பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுமானம். 2005ல், கடல் இறக்கத்தில் இருந்தால் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத்தான் தாங்கும் நிலையில் அது இருந்தது. 1985ல் வெள்ளம் வந்தபிறகு ஆராய்ந்து, அதை இரண்டு மடங்காக்கவேண்டும் என்று 1993லேயே அறிக்கை தந்தார்கள். அறிக்கை அலமாரியில் இருந்தது. 2005ல் மழை வந்த பிற்பகலில் கடலும் ஏற்றத்தில் இருந்தது. தண்ணீர் எங்கே போகும்?

மித்தி ஆறு விஹார், பவாய் ஏரிகளின் வழிநீரில் பிறந்து, சாக்கிநாக்கா, குர்லா, காலினா வழியாகச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, நம் கொல்லைப்புறமாக மாகிம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. விமான நிலையத்தின் ஓடுபாதைக்காக அதன் போக்கை மடக்கித் திருப்பி, ஓடுபாதைக்கு அடியிலே நுழைத்திருக்கிறார்கள். கீழே வந்தால் இருபுறமும் மண் கொட்டிய வளாகம். அதற்கும் கீழே கழிமுகத்தின் கழுத்தில் சாலை. மேலே பட்டறைகளின் எண்ணெயும் அமிலமும், தபேலாக்களின் சாணமும், லட்சக்கணக்கான வீடுகளின் மலமும் அதிலே விழுகின்றன. ஆற்றின் அடி நிறையச் சேறு. மராத்தியில் மித்தி என்றால் அணைப்பு என்று பொருள் சொல்வார்கள். அன்றைக்கு அந்த ஆறு நம்மை எப்படி அணைத்தது என்பது குர்லாத் தோழர்களைக் கேட்டால் தெரியும்.

அன்று என் மனைவியின் தங்கை அந்தேரியில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ரயில் இல்லை, பஸ் இல்லை. மார்பளவு தண்ணீரில் முன்னால் போகிறவரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவள் இவள் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் வீட்டைப் பார்த்தாள். அரிசிப் பானை மிதக்கிறது. ரேஷன் கார்டு கஞ்சியாகிவிட்டது. அந்தக் கார்டுக்காக அவள் பிறகு அலைந்தது எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். 2000ஆம் ஆண்டுக்கு முன்பே குடியிருந்ததற்கு அத்தாட்சி கொடு என்று இன்றைக்குக் கேட்கிறார்களே, அந்த அத்தாட்சி மித்தி ஆற்றோடு போயிற்று!

பம்பாயில் மட்டும் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். சாக்கிநாக்காவில் குன்று சரிந்து குடிசைகள்மேல் விழுந்ததில் மட்டும் எழுபது பேருக்கு மேல். வெள்ளம் வடிந்தபிறகு எலிக்காய்ச்சல் வந்து இன்னும் கொஞ்சம் பேரைக் கொண்டுபோயிற்று.

அதன் பிறகு என்ன செய்தார்கள்? ஆகஸ்டு மாதமே மித்தி ஆற்றுக்கென்று ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஆராய்ச்சிக் குழு அமைத்தார்கள். ஆற்றை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். எங்கே ஆரம்பித்தார்கள்? ஓடுபாதையிலா? வளாகத்திலா? கரையோரக் குடிசைகளில்! புல்டோசருக்கு வழி தெரிந்த இடம் அது ஒன்றுதான். ஆற்றில் சேறு அள்ளிய கணக்கு என்னாயிற்று என்றால், 2025 மே மாதம் அந்தச் சேறு அள்ளும் ஒப்பந்தங்களில் 65 கோடி ரூபாய் மோசடி என்று போலீசாரே வழக்குப் பதிவு செய்தார்கள். அள்ளாத சேற்றுக்குப் பணம் அள்ளினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்கு முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அதே 2025 ஆகஸ்டு மழையில் ஆறு மறுபடியும் பெருகி, குர்லா கிராந்தி நகரிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள் என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புத் தேவையில்லை.

தோழர்களே, சுற்றுப்புறச் சூழலைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரால் இந்த ஊரில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் தோழர் சிரித்ததற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது. போரிவிலிப் பக்கம் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைக் காப்பாற்றவேண்டும் என்று ஒரு சூழல் அமைப்பு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1997ல் குடிசைகளை அகற்ற உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான குடிசைகள் தரைமட்டமாயின. காடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டைக் கெடுத்தவர்கள் என்று தேடியபோது, சட்டத்தின் கண்ணுக்கு முதலில் பட்டவன் தகரக் கூரைக்காரன்.

அதைவிடக் கொடுமை மாஹுல். இதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஏனென்றால் நாளை நமக்கு நடக்கப்போவதற்கு அது ஒத்திகை.

செம்பூரில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குக் கிழக்கே டிராம்பேயில் 1954லும் 1955லும் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அனல் மின் நிலையம் வந்தது. அறுபதுகளில் உரத் தொழிற்சாலை வந்தது. நாடு விடுதலை பெற்ற உற்சாகத்தில் வந்த தொழில்கள். வேலை தந்த தொழில்கள். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. அதை மறந்துவிட்டுப் பேசுவது நன்றியல்ல. ஆனால் செம்பூருக்குக் "கேஸ் சேம்பர்" என்ற பட்டப்பெயரும் அதே தொழில்களால்தான் வந்தது.

அந்த ஆலைகளின் சுவரை ஒட்டினாற்போல மாஹுலில் 72 கட்டடங்கள், 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். யாருக்கு? வேறு திட்டங்களுக்காக இடிக்கப்பட்டவர்களுக்கு. 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மாஹுலிலும் அம்பாபாடாவிலும் வாழ்பவர்களின் உடல் நலத்துக்குக் கண்கூடான ஆபத்து இருக்கிறது என்று தீர்ப்பில் எழுதியது. எழுதிய இரண்டாம் ஆண்டே, 2017ல், தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களை அதே மாஹுலுக்கு அனுப்பினார்கள். குழாய்க்குப் பாதுகாப்பு வேண்டுமாம்! குழாய்க்குப் பக்கத்தில் இருந்தவரை அந்த மக்களுக்கு அந்தக் குழாயிலிருந்து ஒழுங்காகத் தண்ணீர் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

போனவர்களுக்கு இருமல், தோல் நோய், மூச்சிரைப்பு. காற்றில் எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து ஆவியாகும் இரசாயனங்கள். 2018 ஆகஸ்டில் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையில் பெரும் வெடிப்பு நடந்தது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது முதலில் விழுந்தவர்கள் யார்? ஆலைச் சுவருக்கு அருகில் குடிசை போட்டிருந்த ஏழைகள். முப்பது ஆண்டு கழித்தும் ஏழைக்கு வீடு கொடு என்றால் ஆலைச் சுவரைத்தான் காட்டுகிறார்கள்.

ஆனால் மாஹுல் மக்கள் சும்மா இருக்கவில்லை. 2018 அக்டோபரில் வித்யாவிஹாரில் நடைபாதையிலேயே உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். முன்வரிசையில் பெண்கள். இன்னொரு பக்கம் நீதிமன்றத்தில் வழக்கு. 2019ல் உயர்நீதிமன்றம், மாஹுலுக்குப் போகச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. வேறிடம் தரமுடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகைப் பணமாகக் கொடு என்று உத்தரவிட்டது. 2020ல் பசுமைத் தீர்ப்பாயம் நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 286 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவர்களும் நம்மைப் போலத் தகரக் கூரைக்காரர்கள்தான். நமக்குத் தெரிந்ததைவிட அதிகமான சட்டம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

தாராவி புனரமைப்புக்கான டெண்டரை 2022 நவம்பரில் அதானி குழுமம் எடுத்தது. கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. விதிகளை நீங்கள் அறிவீர்கள். 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே வீடு. அதற்குப் பின் 2011 வரை வந்தவருக்கு வெளியே எங்கோ, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால். அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும், மாடியில் குடியிருப்பவர்களுக்கும், வெளியே வாடகை முறை வீடு. மாடியில் இருப்பவர் யார்? வந்தேறியா? கீழே தகப்பன், மேலே கல்யாணமான மகன். ஏணியில் எட்டுப் படி ஏறினால் அவன் தாராவிக்காரன் இல்லையாம்!

அந்த 'வெளியே' எங்கே என்பதுதான் இன்றைய பேச்சின் மையம். 2024 அக்டோபரில் மராட்டிய அமைச்சரவை தேவ்னார் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கரை இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது. அதற்கு முந்தைய மாதம் காஞ்சூர்மார்க், முலுண்டு பக்கத்து உப்பளங்களில் 255 ஏக்கருக்கு மேல் மத்திய சர்க்கார் சம்மதம் தந்தது. உப்பளம் என்றால் மீண்டும் அதே கதை. மழைநீர் தங்கிப் போகும் தாழ்ந்த நிலம்.

தேவ்னார் மேடு 1927லிருந்து இந்த நகரத்தின் குப்பை கொட்டுமிடம். அங்கே 185 லட்சம் டன் பழைய குப்பை இருப்பதாக, அதை அகற்ற 2025ல் ஒப்பந்தம் கோரியபோது மாநகராட்சியே கணக்குச் சொன்னது. குப்பைக்குள் காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும் காய்கறியும் சோறும் மீத்தேன் வாயுவாகின்றன. அது எரியக்கூடிய வாயு. மேலே பெய்யும் மழை குப்பைக்குள் இறங்கி, கறுத்த சாறாக நிலத்தடி நீரிலும் கழிமுகத்திலும் கலக்கிறது. 2016 ஜனவரியில் அந்த மேடு பற்றி எரிந்து பல நாள் புகைந்ததே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடங்களை மூடினார்கள். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் எடுத்த படத்தில்கூட அந்தப் புகை தெரிந்தது.

அதைச் சுற்றியுள்ள கோவண்டி, மான்கூர்டு அடங்கிய எம் - கிழக்கு வார்டு, 2009ஆம் ஆண்டுப் பம்பாய் மனித வளர்ச்சி அறிக்கையில் எல்லா வார்டுகளுக்கும் கடைசியில் நின்றது. மூடப்பட்ட குப்பைக் கிடங்கின்மேல் வீடு கட்டக் கூடாது, அதன் எல்லையிலிருந்து நூறு மீட்டர் தள்ளித்தான் எதுவும் வரலாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. "குப்பையை அகற்றி நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கட்டுவோம்" என்று திட்டக்காரர்கள் பதில் சொல்கிறார்கள். சரி, செய்யட்டும். குப்பையை அகற்றலாம். நூறு வருடம் மண்ணுக்குள் இறங்கிய சாற்றை எந்தக் கூடையில் அள்ளுவார்கள்? சுத்தமாகிவிட்டது என்று யார் சோதித்துச் சொல்வார்கள்? கட்டுகிறவரே சொல்வாரா?

தோழர்களே, நாம் பார்த்து வந்த வரிசை இதுதான். சதுப்பிலே நாற்றம் இருந்தபோது அது நம் இடம். நாம் அதை மேடாக்கி, நாற்றம் போய், நகரம் பக்கத்தில் வந்ததும் அது அவர்கள் இடம். நமக்கு அடுத்த நாற்றம் ஒதுக்கப்படுகிறது. அங்கேயும் நாம் ஐம்பது வருடம் இருமி, மண்ணை ஆற்றி, மரம் வைத்து ஒழுங்காக்கினால், அப்போது அதுவும் தங்கமாகும். நம் பேரப்பிள்ளைகளுக்கு அதற்கும் அப்பால் இன்னொரு மேட்டைக் காட்டுவார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், நம் கோரிக்கையை இரண்டாகப் பிரிக்கக் கூடாது. "வீடு மட்டும் கொடு, எங்கே என்றாலும் சரி" என்றால் மாஹுலைக் கொடுப்பார்கள். "இடத்தைச் சுத்தம் மட்டும் செய்து கொடு" என்றால், சுத்தம் செய்து வேறொருவருக்குக் கொடுப்பார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் நான் வெறும் வாய்ச்சொல் வீரன். பதின்மூன்றாம் காம்பவுண்டில் இந்த நகரத்தின் பிளாஸ்டிக்கை நாம் பிரிக்கிறோம், நொறுக்குகிறோம், கழுவுகிறோம், உருக்கிக் குருணையாக்குகிறோம். நாம் பிரிக்காவிட்டால் அதெல்லாம் தேவ்னார் மேட்டுக்குத்தான் போகும். எவ்வளவு பெரிய சேவை! ஆனால் எந்த முறையில் செய்கிறோம்? இரசாயன டப்பாக்களைக் கழுவிய தண்ணீரை அப்படியே நாலாவில் விடுகிறோம். செம்புக்காகக் கம்பியை வாசலிலேயே எரிக்கிறோம். அந்தப் புகையில் பக்கத்து வீட்டுத் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்குகிறது. மருத்துவமனைக் குப்பையில் வந்த ஊசியைக் கையுறை இல்லாமல் பெண்கள் பொறுக்குகிறார்கள். "கூலி குறையும், அதனால் பேசாதே" என்று நம் முதலாளிகள் - அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான் - சொல்கிறார்கள். ஊர்க்காரன் என்பதற்காக அவன் கொடுக்கும் புகை இனிக்குமா?

மாசு தராத தொழிலுக்குத்தான் புதிய தாராவியில் இடம் என்கிறது திட்டம். நம் மறுசுழற்சித் தொழிலை ஒரே கையெழுத்தில் வெளியே தள்ள அந்த ஒரு வரி போதும். அதற்கு முன்பே நாம் கேட்கவேண்டியது, பட்டறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், புகை வெளியேறும் கூண்டுள்ள கொட்டகை, தொழிலாளிக்குக் கையுறை, வருடம் ஒருமுறை நெஞ்சுப் படம். இதைக் கேட்காமல் "எங்கள் தொழிலைத் தொடாதே" என்று மட்டும் கத்தினால், நம் பக்கம் நியாயம் பாதிதான் இருக்கும்.

முடியாததைக் கேட்கிறோமா? பாந்திரா வளாகத்துக்குப் போகும் வழியில் ஒரு பூங்கா இருக்கிறதே, மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, 37 ஏக்கர். அது ஒரு காலத்தில் குப்பைமேடு. மண் போட்டு மரம் வைத்து வளர்த்து 1994ல் திறந்தார்கள். இன்று அங்கே பறவைகள் வருகின்றன, வண்ணத்துப் பூச்சிகள் வருகின்றன. குப்பைமேட்டைக் காடாக்க இவர்களுக்குத் தெரியும். குப்பைமேட்டில் பறவைக்கு மரம் வைக்கத் தெரிந்தவர்கள், மனிதனை அங்கே குடிவைக்குமுன் அதே அளவு யோசித்தால் போதும்.

கோவண்டி மக்களையும் பாருங்கள். அவர்கள் நடுவில் மருத்துவக் கழிவை எரிக்கும் ஆலை ஒன்று வருடக்கணக்காக இயங்கி வந்தது. அந்தப் பகுதியின் குடியிருப்போர் சங்கமே உயர்நீதிமன்றம் போயிற்று. இரண்டு ஆண்டுக்குள் அதை அங்கிருந்து மாற்றவேண்டும் என்று 2023ல் உத்தரவு வாங்கினார்கள். நம் சங்கத்தைவிடப் பெரிய சங்கம் அல்ல அது.

ஆகவே செயற்குழுவின் சார்பில் சில வேலைகளைச் சொல்லி அமர்கிறேன். வரும் ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் நம் வக்கீல் தோழர் இருப்பார். 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியல் நகல், மின்சாரச் சீட்டு, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். வெள்ளத்தில் காகிதம் போனவர்கள் வெறுங்கையோடு வாருங்கள்; அதற்கும் மனு எழுதவேண்டும். மாடியில் குடியிருப்பவர்கள் தனியாக ஒரு பட்டியல் எடுக்கிறோம். யாரும் விட்டுப்போகக் கூடாது.

தேவ்னார் நிலத்தின் மண், காற்று, நிலத்தடி நீர்ச் சோதனை முடிவுகளைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் வெளியிடும்வரை எந்தக் குடும்பமும் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒரு தீர்மானம் தயாராக இருக்கிறது. என் பேச்சு முடிந்ததும் செயலாளர் வாசிப்பார். கேள்வி இருந்தால் எழுந்து கேளுங்கள். கேட்காமல் கை தூக்காதீர்கள்.

அடுத்து ஒன்று. அந்த மேட்டை நம்மில் பெரும்பாலோர் ரயிலிலிருந்துதான் பார்த்திருக்கிறோம். இருபது பேர் நேரில் போய்ப் பார்த்து, கோவண்டித் தோழர்களோடு பேசி வரப்போகிறோம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குர்லா ஸ்டேஷனில் ஹார்பர் வண்டி நடைமேடையில் கூடுகிறோம். இருபதில் பத்துப் பேராவது பெண்களாக இருக்கவேண்டும். அங்கே குடிபோனால் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே. வாசலில் நோட்டு இருக்கிறது, போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.